மறைந்து போகும் குவிமாடம்

1974-ல் உத்தியோகம் கிடைத்து டில்லி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட்டிலிருந்து ராஷ்டிரபதி பவனை நோக்கி நடந்தேன். எதிரே தெரிந்த பெரிய குவிமாடம், விஜய் சௌக்கை நெருங்க நெருங்க மேட்டுக்குப் பின்னால் இறங்கி மறைந்தே போயிற்று. வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதைக் கட்டியவருக்கு அது ஆறாத புண் என்பது பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது.

எட்வின் லட்யன்ஸ் 1869-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ராணுவத்தை விட்டு ஓவியரானவர். நோயாளிப் பிள்ளை என்று இவரைப் பெரிய பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் வழியே தெரியும் வீட்டை, சீவிய சோப்பால் அதன் மேலேயே வரைந்து பழகினாராம். கலைப் பள்ளிப் படிப்பையும் முடிக்கவில்லை. ஆனாலும் இருபது வயதிலேயே தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். கெர்ட்ரூட் ஜெகில் அம்மையாரின் தோட்டங்களும் இவருடைய வீடுகளும் சேர்ந்து இங்கிலாந்தில் பெயர் வாங்கின. நாற்காலி, விளக்கு வரை தாமே வரைவார். மேரி ராணிக்குப் பொம்மை வீடு கூட! போரில் மாண்டவர்களுக்காக லண்டனில் நிற்கும் செனோடாஃபும் (1920) இவருடையதே.

மனைவி எமிலி, முன்னாள் வைஸ்ராய் லிட்டனின் மகள். அந்த அம்மாள் தியாசபியில் ஈடுபட்டு, அடையாறிலிருந்து சென்ற ஜே. கிருஷ்ணமூர்த்திக்குத் தாய் போல இருந்தார். கணவருக்கு அதில் மனஸ்தாபம்தான்.

1912-ல் புது டில்லி வேலை வந்தது. நண்பர் ஹெர்பர்ட் பேக்கரும் சேர்ந்துகொண்டார். மாளிகை இவர் பொறுப்பு, முன்னால் உள்ள இரண்டு செக்ரடேரியட் கட்டடங்களும் பேக்கர் பொறுப்பு. நடுவே போகும் பாதையின் ஏற்றம் அதிகமானால் மாளிகை மறையும். திட்டத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டபோது லட்யன்ஸ் இதைக் கவனிக்கவில்லை. 1916-ல் விழித்துக்கொண்டு, சரிவை மாற்றச் சொல்லி வருஷக்கணக்கில் மன்றாடினார். பலிக்கவில்லை. பேக்கருடன் இருந்த சிநேகமும் முறிந்தது.

நம் நாட்டுக் கட்டடக் கலையை இவர் மதித்ததில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் குவிமாடத்தில் சாஞ்சி ஸ்தூபத்தின் சாயல், தூண்களின் தலைப்பில் கல் மணிகள், சத்ரி, சஜ்ஜா எல்லாம் இங்கிருந்துதானே எடுத்தார்!

340 அறைகள் கொண்ட அந்த மாளிகை 1929-ல் முடிந்தது. லட்யன்ஸ் 1944 ஜனவரி 1 அன்று காலமானார். அதில் குடியேறிய முதல் இந்தியர் நம் ராஜாஜி, 1948-ல். வைஸ்ராயின் பெரிய அறைகள் வேண்டாமென்று சிறிய அறைகளிலேயே தங்கினார்.

டில்லி வரும் அங்கத்தினர்கள் இந்தியா கேட்டிலிருந்து நடந்தே போய்ப் பாருங்கள். காரில் போனால் கவனிப்பதற்குள் கடந்துவிடும்.