கறையைக் கற்ற மருத்துவர்

குழந்தையின் அணையாடையிற் படிந்த கருங்கறை ஒன்றைத் துருவி ஆராய்ந்து, மருத்துவத்தில் ஒரு புதுத்துறைக்கே வித்திட்டவர் சேர் ஆர்ச்சிபோல்ட் கரொட்.

அவர் 1857 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தார். தந்தையாரும் புகழ்பெற்ற மருத்துவரே. கவுட் என்னும் மூட்டுநோய் உற்றோரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலை 1848 இல் எடுத்துக்காட்டியவர் அவர். உடலின் இரசாயனத்தில் நோயைத் தேடும் நோக்கு மைந்தருக்குத் தந்தைவழிச் செல்வமாக வாய்த்தது. ஒக்ஸ்போட்டிற் பயின்ற கரொட், சென் பார்த்தலோமியு மருத்துவமனையிலும் கிரேட் ஓர்மண்ட் வீதிக் குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

அல்கப்டனூரியா என்னும் அரிய நோய் உள்ளவரின் சிறுநீர், காற்றுப்பட்டதும் கறுக்கும். குடலிலுள்ள கிருமிகளே இதற்குக் காரணம் என்று பலர் அக்காலத்திற் கருதினர். கரொட் அதனை ஏற்றிலர். இந்நோயுள்ள பிள்ளைகள் இருந்த ஒரு வீட்டில் 1901 இல் மற்றொரு மகவு பிறந்தபோது, அதன் அணையாடைகளைப் பிறந்த நேரந்தொட்டுக் கவனிக்கச் செய்தார். மூன்றாம் நாளிலேயே கறை தோன்றிவிட்டது. இது பிறவியிலேயே அமைந்த குறை என்பது தெளிவாயிற்று. இந்நோய் கண்ட குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் என்பதையும் அவர் கண்டார். மென்டலின் மரபுவிதி மீண்டும் வெளிப்பட்டிருந்த காலம் அது. அவ்விதிக்கு இக்குறை இயைவதை பேட்சன் என்னும் அறிஞர் எடுத்துரைக்க, கரொட் 1902 இல் தம் முடிபை வெளியிட்டார். 1909 இல் வெளிவந்த அவரது நூல், இத்தகைய குறைகளை அனுசேபத்தின் பிறவிப் பிழைகள் எனப் பெயரிட்டு வகுத்தது.

இக்கறை பெரிதும் தீங்கற்றது என்றே அவர் தொடக்கத்தில் எண்ணினார். ஆனால் சிதைவுறாத அமிலம் முழுவதும் சிறுநீரோடு போய்விடுவதில்லை. எஞ்சியது ஆண்டுதோறும் கசியிழையத்திற் படிந்து அதனைக் கறுப்பாக்கி நொறுங்கச் செய்கின்றது. முதுகெலும்பும் முழங்காலும் தேய்கின்றன. இதய வால்வுகள் இறுகுகின்றன. சிறுநீரகத்திற் கல் உண்டாகின்றது. காதுமடலிலும் கண்வெள்ளையிலும் தோன்றும் கருமையைக்கொண்டு இப்படிவை உயிரோடிருப்போரிடமே அறியலாம் என்பதை 1904 இல் ஒஸ்லர் விளக்கினார். அக்கருமை தோன்றுவதற்கே முப்பது ஆண்டுகள்வரை செல்லும். அணையாடைக் கறையோ பிறந்த சில நாளிலேயே எச்சரித்துவிடுகின்றது!

கரொட்டின் பிற்கால வாழ்வு துயர் மிக்கது. முதல் உலகப்போரில் இரு மைந்தரை இழந்தார். போர் ஓய்ந்தபின், 1919 இல், மூன்றாம் மைந்தரை இன்ஃபுளுவென்சா கொண்டுபோயிற்று. ஆயினும் 1920 இல் ஒஸ்லருக்குப்பின் ஒக்ஸ்போட்டின் மருத்துவப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1936 இல் மறைந்தார். எஞ்சிய ஒரே மகள் டோரதி, 1939 இல் கேம்பிரிட்ஜின் முதற் பெண் பேராசிரியராக உயர்ந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவரது கருத்தின் பெருமையை உலகம் உணரப் பல ஆண்டுகள் சென்றன. அந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதியம் இந்நோயாளரின் ஈரலில் இல்லை என்பது 1958 இலேயே நிறுவப்பட்டது. அமிலம் உண்டாவதையே குறைக்கும் நிட்டிசினோன் என்னும் மருந்துக்கு ஐரோப்பாவில் 2020 இல் இந்நோய்க்கென அனுமதி கிடைத்தது. நாற்பதைக் கடந்த நோயாளரின் இதய வால்வுகளை ஒலியலைப் படத்தாற் பார்த்துவருவதும் இன்றைய வழக்கம்.

உறவுக்குள் மணம் என்ற செய்தி தமிழர்க்குப் புதியதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மச்சான் மச்சாள் முறையில் மணந்தோர் உள்ள குடும்பங்களைக் காணலாம். அம்மணத்தால் மட்டும் நோய் வருவதில்லை. இருவரும் ஒரே குறையை மறைவாகத் தாங்கியிருந்தாலே பிள்ளைக்கு அது வெளிப்படக்கூடும். ஆதலின் உறவுமுறையை வைத்தியரிடம் மறையாது சொல்லுதலும், குழந்தையின் துணியிற் காணும் புதுநிறத்தை அற்பமென்று கழுவிவிடாது காட்டுதலும் பெற்றோர் கடன். உறுப்புக் கெட்டபின் வரும் வலியைவிட, கெடுமுன் தோன்றும் கறை நன்மை தருவதன்றோ?