தம்மை ஆராய்ந்த ஆசிரியர்

சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிக் நகரில் 1746-ஆம் ஆண்டிற் பிறந்த பெஸ்டலாசி என்னும் பெரியார், ஆசிரியத் தொழில் பூண்டோர் யாவரும் போற்றற்குரியர். எளியார் மக்கட்கெனத் தம் பண்ணையில் அவர் நடத்திய கல்விச்சாலை பொருளின்மையால் 1780-இல் மூடப்பெற்றது. பதினெட்டாண்டு கழிந்தபின், பிரெஞ்சுப் படையால் அழிவுற்ற ஸ்டான்ஸ் என்னும் ஊருக்குச் சென்று, ஆதரவற்ற சிறுவர் எண்பதின்மர்க்குத் தாமே தாயும் தந்தையும் ஆசிரியருமாயினார்.

ஆங்குப் போதிய புத்தகமில்லை, கருவியுமில்லை. ஆகவே பிள்ளைகளின் போக்கையே உற்றுநோக்கி, பயன்படாத முறையை விடுத்து வேறு முறை தேடினார். சில திங்களுள், 1799-இல், அவ்வில்லம் படைஞர்க்கு மருத்துவமனையாயிற்று. உடல் நலிந்தும் உளம் தளராது, ஆங்கு நிகழ்ந்தவற்றையெல்லாம் சீர்தூக்கி நண்பர் ஒருவர்க்கு நெடிய கடிதம் வரைந்தார். அவ்வாராய்ச்சியால் வளர்ந்ததே, பொருளைக் காட்டிய பின்னரே சொல்லைக் கற்பித்தல் என்னும் நெறி. இவெர்டான் நகரில் 1805 முதல் இருபதாண்டு அவர் நடத்திய பள்ளியைக் காண ஐரோப்பாவின் பல நாட்டினரும் வந்தனர்.

பிள்ளை பாடத்திற் கருத்தூன்றானாயின், அதன் காரணத்தை ஆசிரியன் முதற்கண் தன்னிடத்தே தேடல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. 1827-இல் அவர் உலக வாழ்வை நீத்தார்.

நம் குலச் சிறுவன் ஒருவனை மந்தனென்று பள்ளியினின்றும் நிறுத்துமுன், கற்பிப்போரும் பெற்றோருமாகிய நாம் ஒருகால் நம்மையே ஆராய்வோமாக.