சிறை விட்டு வந்தவருக்கு ஊர் தந்தது என்ன? – வ.உ.சி. வாழ்க்கையிலிருந்து





வேம்பார் தொடங்கி தெற்கே தூத்துக்குடி வரை இந்தக் கடற்கரையில் வ.உ.சிதம்பரனார் பெயரைக் கேட்காதவர் இல்லை. தூத்துக்குடி துறைமுகத்திற்கே இன்று அவர் பெயர்தான். அவருடைய கப்பலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அவர் சிறையில் கழித்த நாலே முக்கால் ஆண்டுகளையும், வெளியே வந்தபின் வாழ்ந்த 24 ஆண்டுகளையும். சிறை ஒரு மனிதனை என்ன செய்கிறது, வெளியே வந்தவனை ஊர் என்ன செய்கிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே கிடைக்கும் சாட்சி அது.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வக்கீலானார். 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாயை, ஒரே ஆளாகத் தந்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் சுப்பிரமணிய சிவாவோடு கைதானார். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பு: ராஜதுரோகப் பேச்சுக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு நாடுகடத்தல். பேசியதற்குத்தான் இத்தனையும். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர் சிறையில் அந்த வக்கீலுக்குக் கிடைத்தது கைதி உடையும் காலில் விலங்கும். சணல் வேலையில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறகு செக்கில் கட்டினார்கள். மாடு சுற்றவேண்டிய இடத்தில், கொளுத்தும் வெயிலில், மனிதன் சுற்றினான். அந்தச் செக்கை இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். சென்னைக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அந்த மரத்தையும் கல்லையும் பார்த்தாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

அவர் தேசத்தலைவர், குற்றவாளி அல்லவே, அவரை எதற்குத் திருடனோடும் கொலைகாரனோடும் சேர்த்துப் பேசுகிறீர்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சிறை அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை, சகோதரர்களே. மற்றக் கைதிகளுக்கு எந்தச் சட்டமோ அதுதான் அவருக்கும். உள்ளே நடந்ததைத் தம் சுயசரிதையில் செய்யுளாகவே எழுதிவைத்ததால்தான், எழுதத் தெரியாத ஆயிரக்கணக்கான கைதிகள் பட்டதும் நமக்குத் தெரியவருகிறது.

பிறகு கண்ணனூர் சிறை. அங்கே நடந்ததைக் கவனியுங்கள். உடனிருந்த கைதிகளுக்கு அவர் நீதிநூல்களைச் சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்குச் சொன்னதிலிருந்து உருவானதுதான் மெய்யறிவு என்ற நூல். ஜேம்ஸ் ஆலன் எழுதிய ஆங்கில நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கியதும் சிறைக்காலத்தில்தான். கைதியைத் திருத்தும் வேலையை அரசாங்கம் செய்யவில்லை. ஒரு கைதி செய்தார். யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் சிறையில் தம்மிடம் கனவுக்கு விளக்கம் கேட்டு வந்த இருவருக்கு முதலில் ஏகத்துவத்தை எடுத்துச் சொன்ன வரலாறு உங்களுக்கு நினைவு வரும்.

தண்டிப்பதோடு திருத்துவதும் சிறையின் வேலை என்று வெள்ளை அரசாங்கம் நியமித்த அலெக்சாண்டர் கார்டியூ குழு சொன்னது 1919-20-ல். வ.உ.சி. செக்கிழுத்துப் பத்தாண்டுக்குப் பிறகு. இமாம் அபூயூசுஃப் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் கைதிகளுக்கென்று தனியாக எழுதினார்கள். கைதிக்கு ரொட்டியாகத் தராதீர்கள், காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள். மாதம் 10 திர்ஹம் பணமாகவே கையில் கொடுங்கள் என்றார்கள். குளிருக்கும் கோடைக்கும் தனித்தனி உடை, சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க விடக்கூடாது, நாதியற்று இறந்தால் பைத்துல்மாலிலிருந்து கஃபன், வழக்கை விசாரிக்காமல் யாரையும் போட்டுவைக்கக்கூடாது. மதரஸாவில் இதைப் படித்தபோது ரொட்டிக்குப் பதில் பணம் என்பது சின்ன விஷயமாகத் தெரிந்தது. சிறையை உள்ளே இருந்து அறிந்தவர்தான் அப்படி யோசிக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாகச் சொன்னது இன்றும் தீரவில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல், ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. நம் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் அதைப் போய்ச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரின் ஹக்கு பாதிக்கப்பட்டவருக்கே. குற்றவாளியைத் தப்பவிடச் சொல்லவில்லை. குற்றம் செய்தாரா என்றே முடிவாகாதவரைப் பற்றிப் பேசுகிறேன்.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கம்பெனி அதற்கு முன்பே, 1911-ல் கலைக்கப்பட்டுவிட்டது. கூட நின்ற சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வந்தார். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏற்றவும் மறுத்தார்கள். வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. தெரிந்த ஒரே தொழிலைச் செய்ய முடியாது. சென்னையில் குடியேறி அரிசி விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணத்திற்காகக் காந்திக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதவேண்டியிருந்தது. கோர்ட்டு கொடுத்த தண்டனை 1912-ல் முடிந்தது. ஊர் கொடுத்தது முடியவில்லை.

மது அருந்திவிட்டு மீண்டும் மீண்டும் பிடிபட்ட ஒருவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அந்தச் சாபத்தைத் தடுத்தார்கள். அடிபட்டவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். தண்டனை உண்டு, அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. நாமோ, ஜெயிலுக்குப் போய்வந்த பையனைப் படகில் ஏற்றத் தயங்குகிறோம், கடையில் வேலைக்கு வைக்க மறுக்கிறோம், அவன் தங்கைக்கு வரும் சம்பந்தத்தையும் நாமே பேசிக் கலைத்துவிடுகிறோம். பிறகு அவன் பழைய சேர்க்கைக்கே போனால், அன்றைக்கே சொன்னேனே என்கிறோம்.

வ.உ.சி.க்கு சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. யாரை எதிர்த்துச் சிறை போனாரோ அந்த அரசாங்கத்தின் ஆள். நன்றி மறக்காத வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். இரண்டு பேருமே பெரிய மனிதர்கள்தான். ஒரு கையெழுத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு மீண்டும் எரிந்தது. அப்படிக் கையெழுத்துப் போடக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு: லாஞ்சு முதலாளி, கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகி.

சன்னது கிடைத்தபின் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். பழைய வசதி திரும்பவே இல்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் இறந்தார். அதற்கு முன் எழுதிவைத்த உயிலில், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கடன்களைத் தனித்தனியாகக் குறித்திருந்தார். ஜவுளிக்கடை பாக்கி ஒன்று. எண்ணெய்க்கடை பாக்கி ஒன்று.