வைகறையை வகுத்துத் தந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

இராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு வேலை முடித்து வீடு திரும்புவோரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றச் செல்வோரும் வைகறையைக் காணாதவர்கள் அல்லர். ஆயினும் அவ்வேளையை எங்ஙனம் செலவிடுவது? அதனை முறையாக எழுதிவைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை அவ்விரு ஊர் மக்களும் அறிதல் நலம்.

இமாம் அபூ ஹாமித் முஹம்மது அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்தார்கள். கி.பி. 1091-இல் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியரானார்கள். அவர்களிடம் முந்நூறு மாணவர்கள் ஓதினர். அப்புகழின் உச்சியில்தான் சோதனை வந்தது. இறைவனுக்காக ஓதிக்கொடுக்கிறோமா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை ஆறு மாத காலம் வாட்டியது. கி.பி. 1095-இல் பாடம் சொல்ல நா எழவில்லை; ஒரு கவளமும் செரிக்கவில்லை. வைத்தியர்களும் கைவிட்டனர்.

பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்று, உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸையும் தரிசித்து, ஹஜ்ஜும் செய்தார்கள்.

பின்னர் எழுதிய 'பிதாயத்துல் ஹிதாயா' என்னும் சிறுநூலில், கண் விழிக்கும் நொடியிலிருந்தே ஒழுங்கைத் தொடங்குகிறார்கள். விடியுமுன் எழ வேண்டும். முதல் நினைவும் முதல் சொல்லும் இறைவனைப் பற்றியதாக இருக்க வேண்டும். சுபுஹுத் தொழுகைக்கும் சூரிய உதயத்திற்கும் இடைப்பட்ட வேளையை துஆ, திக்ரு, குர்ஆன் ஓதுதல், சிந்தித்தல் என நான்காகப் பகிர்கிறார்கள். (நம்மில் பலருக்கு அது தேநீர்க்கடை அரசியலுக்கான வேளை!) பொழுது ஏறியபின் கல்வி, அதற்கு இயலாதவர் வணக்கத்திலோ பிறர்க்கு உதவுவதிலோ ஈடுபடலாம். அதுவும் இயலாதவர் தம் குடும்பத்திற்காக நேர்மையாக உழைப்பதையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. ஆலைத் தொழிலாளி இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். தூக்கத்தையும் அவர்கள் வெறுக்கவில்லை. இரவும் பகலும் சேர்த்து எட்டு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றே வரையறுத்தார்கள். அறுபதாண்டு வாழ்பவனுக்கு அதுவே இருபதாண்டு இழப்பு என்பது அவர்கள் போட்ட கணக்கு. இரவில் நின்று வணங்குவோருக்குப் பகலில் சற்றே கண்ணயர்தல் துணை என்றும் கூறினார்கள்.

இறுதியில் தூஸ் திரும்பி, இல்லத்தருகே மத்ரஸாவும் கான்காவும் நிறுவி, ஓதுதல், நல்லோருடன் அமர்தல், பாடம் நடத்துதல் எனத் தம் பொழுதையும் அவ்வாறே பகிர்ந்து வாழ்ந்தார்கள்.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர்). அன்றும் வைகறையில் உளூச் செய்து தொழுதார்கள். பின் கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டு, கண்களில் ஒற்றி, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள் என்று அவர்களின் சகோதரர் அஹ்மது அறிவித்துள்ளார்கள். பொழுது நன்கு புலருமுன் அவர்களின் உயிர் பிரிந்தது.