பாய்லர் தொழிலாளி எடுத்த படம்

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தாயும் கூடவே போய்க் கட்டிலடியில் துணியை விரித்துப் படுத்துக்கொள்வது நமக்குப் பழகிய காட்சி. 1950 வாக்கில் இங்கிலாந்தில் அது நடக்காத காரியம். ஞாயிறு பிற்பகல் 2 மணி நேரம் மட்டுமே பெற்றோரை உள்ளே விட்ட ஆஸ்பத்திரிகளும் உண்டு. தாயைக் கண்டால் பிள்ளை அழும், வார்டின் அமைதி கெடும் என்று காரணம் சொன்னார்கள்.

அந்த வழக்கத்தை அசைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1911-ல் ஸ்காட்லாந்தில் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாவது உலகப்போரின்போது, மனோதத்துவ மேதை பிராய்டின் மகள் அன்னா லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்க்கும் வேலை. மனைவி ஜாய்ஸுக்கும் அங்கேதான் வேலை. பிள்ளைகளிடம் கண்டதை எல்லா ஊழியர்களும் எழுதித் தரவேண்டும் என்பது அன்னாவின் உத்தரவு. பாய்லர்காரரும் எழுதினார். கூர்ந்து பார்க்கக் கற்றது அப்படித்தான்.

1948-ல் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் டாக்டர் ஜான் பவுல்பியிடம் சேர்ந்து, வார்டுகளில் பிள்ளைகளைக் கவனித்தார். முதலில் கதறல். பிறகு சோர்ந்து சுருண்டு கிடப்பது. கடைசியில் யாரிடமும் ஒட்டாத ஒரு அமைதி. பிள்ளை பழகிவிட்டது என்று நர்சுகள் மகிழ்ந்தது இந்தக் கட்டத்தில்தான்! மனம் மரத்துவிட்டது என்றார் ராபர்ட்சன். டாக்டர்கள் நம்பவில்லை.

சினிமா கேமரா ஒன்றை வாங்கினார். அதைக் கையாண்டு பழக்கமே கிடையாது. தொப்புள் பிதுக்க ஆபரேஷனுக்காக 8 நாள் தங்கிய, 2 வயது 5 மாதமான லாராவைத் தினமும் குறித்த நேரத்தில் படம் பிடித்தார். வேண்டியதை மட்டும் பொறுக்கினார் என்ற பேச்சு வரக்கூடாதே! சுவர்க்கடிகாரத்தையும் சேர்த்தே எடுத்தார். லாரா பெரிதாக அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பொம்மைக் கரடியை அணைத்திருந்தாள். பார்க்க வந்த தாயைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் புறப்படும்போதும் தாயின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

1952-ல் லண்டன் மருத்துவர் சபையில் படம் காட்டப்பட்டது. பலர் கொதித்தெழுந்தனர். இது அவதூறு, படத்தை வாபஸ் வாங்கவேண்டும் என்றனர். அவர் பின்வாங்கவில்லை. 1958-ல், தாயுடன் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளையைப் பற்றி இன்னொரு படம் எடுத்தார். மறு ஆண்டு அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளைகளுடன் தாயும் தங்கலாம் என்று சிபாரிசு செய்தது. பல ஆஸ்பத்திரிகள் அசையவில்லை. 1961-ல் ராபர்ட்சன் பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் தாய்மார்களிடமே நேராக முறையிட்டார். அவர்கள் சங்கம் அமைத்துக் கிளம்பினார்கள். வார்டுக் கதவுகள் மெல்ல மெல்லத் திறந்தன.

1976 வரை டாவிஸ்டாக்கில் வேலை பார்த்த ராபர்ட்சன் 1988-ல் காலமானார். கடைசிவரை அவருடன் உழைத்த ஜாய்ஸ் 2013 வரை வாழ்ந்தார்.