கர்னல் பென்னிகுயிக்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைச் செழிக்கச் செய்தவர் கர்னல் ஜான் பென்னிகுயிக் ஆவர். இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பூனாவிற் பிறந்தார். எட்டு வயது நிரம்புமுன், 1849-இல், சிலியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். பின்னர்ப் பொறியியல் கற்று, 1860-இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்புதலே இவர் ஆற்றிய அரும்பணி. வேலை 1887-இல் தொடங்கிற்று. வெள்ளம் கட்டியதை மீண்டும் மீண்டும் அரித்துச் சென்றது. காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர் பலரை மாய்த்தன. இவரோ உளந்தளர்ந்தாரில்லை. 1895-இல் 176 அடி உயர அணை திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் பள்ளத்தாக்கினுட் புகுந்தது.

அவ்வணையின் உள்ளீடு சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையாம். சுர்க்கியென்பது சுட்ட களிமண்ணின் தூள். தனிச் சுண்ணாம்பு நீருக்குள் இறுகாது. சுர்க்கியிலுள்ள சிலிகா அதனோடு கூடியவிடத்து நீரினுள்ளும் கல்லாகும். இரும்பு உலையின் கழிவாகிய கசடும், பொடித்துச் சிமெண்டுடன் கலந்தால், அதினின்று பிறக்கும் சுண்ணாம்போடு கூடி இவ்வாறே இறுகுகின்றது. அதனாற் சூளையில் எரிபொருளும் எழும் கரியமில வாயுவும் குறைகின்றன. நாட்செல்லக் கட்டடத்தின் உரமும் மிகுகின்றது.

இவர் 1911-இல் மறைந்தார். இவர் பிறந்த நாளில் தேனி ஜில்லா மக்கள் இன்றும் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். எளிய தூளையும் இகழாது பயன்கொண்ட இப்பெரியாரின் வழியிற் கழிவையும் பொருளாக்குதல் நம் கடனாகும்.