உழவர் தோழர் ஜார்ஜ் லவ்லெஸ்

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில், வயல்கள் சூழ்ந்த சிற்றூர் டால்படில். அவ்வூரில் முந்நூறு ஆண்டுகளைக் கடந்த சிகமோர் மரம் ஒன்று நிற்கின்றது. அதன் நிழலில் கூடிப் பேசிய ஏழைத் தொழிலாளர் அறுவரால் அம்மரம் உலகப் புகழ் பெற்றது. அவர்களின் தலைவராய் விளங்கிய ஜார்ஜ் லவ்லெஸ் அவர்களின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வோம்.

லவ்லெஸ் 1797ஆம் ஆண்டில் பிறந்தார். பிறர் நிலத்தை உழுது கூலி பெற்று, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காத்து வந்தார். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாதபோதும், தம் சிறு வருவாயில் நூல்கள் வாங்கித் தாமே கற்றார். மெதடிஸ்ட் திருச்சபையில் சமயச் சொற்பொழிவும் ஆற்றினார்.

அக்காலத்தில் அவ்வூரார் பெற்ற வாரக் கூலி 9 ஷில்லிங். நிலக்கிழார்கள் அதனை 8 ஆகவும், பின்னர் 7 ஆகவும் குறைத்தனர். இனி 6 ஷில்லிங்தான் என்றும் கூறினர். முறையிட்டும் பயன் விளையவில்லை. ஆகவே 1833இல் லவ்லெஸும் தோழர்களும் உழவுத் தொழிலாளர் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்கள் வன்முறையை நாடினாரல்லர்.

சங்கம் அமைப்பது அன்று குற்றமன்று. எனினும், இரகசிய உறுதிமொழி எடுத்தனர் என்று குற்றஞ்சாட்டி, 1834 பிப்ரவரி 24ஆம் நாள் அறுவரையும் கைது செய்தனர். அதற்குக் காட்டிய சட்டமோ, லவ்லெஸ் பிறந்த ஆண்டில் கடற்படைக் கலகத்தை ஒடுக்க எழுந்ததாகும்! அறுவருக்கும் 7 ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. லவ்லெஸ் டாஸ்மேனியா தீவிற்கும், மற்ற ஐவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஊரில் தவித்த குடும்பங்களுக்கு ஏழையர் உதவிப் பணமும் மறுக்கப்பட்டது.

அப்போது முகமறியாத தொழிலாளர்கள் பணம் திரட்டி அக்குடும்பங்களைக் காத்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 21இல் லண்டன் மாநகரில் பல்லாயிரவர் ஊர்வலம் சென்று நீதி கேட்டனர். இறுதியில், 1836இல் அரசு அறுவருக்கும் முழு மன்னிப்பு வழங்கியது. லவ்லெஸ் 1837இல் தாயகம் திரும்பினார். பின்னர்க் கனடாவில் குடியேறி, 1874இல் மறைந்தார். 1934இல் தொழிற்சங்கங்கள் டால்படிலில் ஆறு வீடுகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் அறுவரில் ஒருவர் பெயரைச் சூட்டின.

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கல்வியும் ஒற்றுமையும் ஏழைக்கு எத்துணை வலிமை தரும் என்பதை லவ்லெஸின் வாழ்வு காட்டுகின்றது. நாமும் நன்கு கற்போம், ஒன்றுபட்டு உயர்வோம்.